செவலை வராத கடைசி ரவுண்டு

ஒரே ஒரு நாய் பக்கத்தில் இல்லாத காரணத்தால் இந்திய ராணுவத்தில் சேர முடியாமல் போன ஆள் நான். இப்படிச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. முழுவதும் கேட்டபின் நம்புகிறார்கள், அதற்கப்புறம் சிரிக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும் பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். மற்றவர்கள் சொல்லி நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதற்குப் பதில் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். (அவர்கள் சொல்லும்போது நாய் இரண்டாகிவிடுகிறது. ஒரு நாய்தான்.)

அப்போது எனக்கு இருபது வயது முடிந்து எட்டு மாதம். சிப்பாய் வேலைக்கு இருபத்தொன்றுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் நாட்டுக்கு நாம் தேவையில்லை. ஆகவே என் ஆயுளில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்சேர்ப்பு முகாம்.

ராணுவம் ஒரு மனிதனிடம் என்னென்ன கேட்கிறது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். உயரம் நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். மார்பு எழுபத்தேழு, மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். கம்பியில் தொங்கிப் பத்து முறை தாடையை மேலே கொண்டுபோக வேண்டும். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். உயரம் பார்த்த கையோடு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்து நிமிடம் நாற்பத்தைந்து விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஓட்டத்தில் தவறினால் உங்கள் மார்பை அளக்க யாரும் டேப்பை எடுக்கக்கூட மாட்டார்கள். கல்லூரியில் எனக்கு மூன்று பேப்பர் பாக்கி இருந்தது அடிக்கடி மறந்துபோகும். இந்த எண்கள் மட்டும் மறக்காது.

எங்கள் ஊர் கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போனாள். விடியுமுன் ஊருக்குள் வரும் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குள் போய், நாள் முழுக்கச் சரிவில் குனிந்து காய் எடுத்து, இருட்டும்போது திரும்பி வருவாள். வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஷீணமா இருக்குடா" என்பாள். அசதி என்பதற்கு மலையிலிருந்து அவள் கொண்டுவந்த வார்த்தை அது. வேறு எதையும் அங்கிருந்து அவள் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டுப் பேர் போகவேண்டிய வண்டியில் பதினாறு பேர் போவார்கள். யார் எங்கே உட்காருவது என்பது எழுதாத சட்டம். டிரைவருக்கு முதுகுப்பக்கம் உள்மூலையில் ஒரு இடம் உண்டு. பனிக்காற்று அடிக்காது, தூசி வராது, வளைவுகளில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, சாய்ந்து கண்மூட ஒரு தகரம். புதிதாக வேலைக்கு வருகிறவள் பின்னால் கதவு விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவாள். வருஷக்கணக்கில் ஒவ்வொரு இடமாக உள்ளே நகர்ந்து நகர்ந்துதான் அந்த மூலைக்கு வர முடியும். அம்மா ஏழு வருஷத்தில் அங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

நான் பட்டாளத்துக்குப் போனால் அம்மா அந்த ஜீப்பிலிருந்து இறங்கலாம். என் தேசபக்தி மொத்தமும் அதுதான். (எல்லையைக் காப்பது பற்றியும் நண்பர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். அது சும்மா.)

பயிற்சி பதினெட்டாம் கால்வாய்க் கரையில். வருஷத்தில் பெரும்பாலான மாதம் அதில் தண்ணீர் இருக்காது, ஆனால் கரைமேல் நல்ல மண்பாதை. ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரைக்கும் சரியாக ஆயிரத்து அறுநூறு மீட்டர். அளந்து சொன்னவர் முத்தையா மாமா. சொந்த மாமா இல்லை. கரையோரம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், என் நண்பன் பாண்டியின் அப்பா. தன்னுடைய டிவிஎஸ் வண்டியில் மூன்று தடவை போய்வந்து அளந்தார். தினமும் காலையில் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பாலத்தில் செல்போனோடு நின்று எங்களுக்கு நேரம் பார்த்ததும் அவர்தான்.

எங்களுக்கு என்றால் எனக்கும் பாண்டிக்கும். பாண்டி எனக்குத் துணைக்கு ஓடினான். அவனுக்குப் பட்டாளத்தில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. தினமும் ஒரே வேகத்தில், மாடு தண்ணிக்குப் போகிற மாதிரி வருவான். ஐந்து நாற்பத்து மூன்று, ஐந்து நாற்பத்து நாலு. ஒருநாள்கூட அதற்கு முன்னால் வந்ததில்லை, பின்னால் போனதும் இல்லை.

நான்? ஐந்து பதினெட்டு.

முதல் முக்கால் பங்கு தூரம் நானும் பாண்டியோடு பேசிக்கொண்டே வருவேன். கடைசி நானூறு மீட்டர் முத்தையா மாமாவின் தோப்பை ஒட்டிப் போகும். அங்கே செவலை இருந்தது. அசல் கோம்பை நாய்; செம்பட்டை உடம்பு, கரிபூசிய மூஞ்சி. ஆறு மணிக்குத்தான் அதைச் சங்கிலியில் கட்டுவார்கள், நாங்கள் ஓடுவது ஐந்தரைக்கு. தோப்பின் தொடக்கத்தில் என் காலடிச் சத்தம் கேட்டதும் வேலியைத் தாண்டிக் கரைக்கு வந்துவிடும். குரைக்காது. குரைக்கிற நாயென்றால் நின்று சமாளிக்கலாம். இது சத்தமில்லாமல் என் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டு வரும். இரண்டாவது பாலத்தோடு தோப்பு எல்லை முடிகிறது. அங்கே வந்ததும் நின்று, எனக்கும் தனக்கும் எதுவுமே நடக்காத மாதிரித் திரும்பிப் போய்விடும்.

பாண்டியை அது துரத்தாது. சோறு வைக்கிறவனை எந்த நாய் துரத்தும்? அவன் பின்னால் நிதானமாக வந்துகொண்டிருப்பான்.

இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கடைசி நானூறு மீட்டரில் திடீரென்று பறப்பது என்னுடைய தனித்திறமை என்று நம்பினேன். "ஒவ்வொருத்தன் உடம்பு ஒவ்வொரு மாதிரிடா மாப்ள. என் உடம்பு கடைசிலதான் சூடு பிடிக்கும்" என்று பாண்டிக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

ஒருநாள் செவலை என் அரைக்கால் சட்டையின் பின்பக்கத்தில் ஒரு கை அகலம் கிழித்தெடுத்தது. முத்தையா மாமா பதறிவிட்டார்.

"ஏலே, நாளையிலருந்து கட்டிப் போட்டுறேன்டா. கடிச்சு வச்சா ஒங்காத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பயந்தவன் என்று பெயர் வந்துவிடக்கூடாதே. "வேணாம் மாமா, அது பாட்டுக்கு ஓடட்டும். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன், ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு.

அவர் அன்றைக்கு அதைக் கட்டிப் போட்டிருந்தால், மறுநாளே என் வண்டவாளம் தெரிந்திருக்கும். சரிசெய்யக் கையில் மூன்று மாதம் இருந்தது. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வீரம் அந்த ஒரு வாக்கியம்தான், அதுவும் என்னைக் கெடுத்தது.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊரில் அம்மன் கோவில் பொங்கல் வந்தது. எங்கள் பக்கம் பொங்கல் என்றால் பிளக்ஸ். நண்பர்கள் நாலைந்து பேர் கூடி, திருவிழாவுக்கு அடிக்கிற பிளக்ஸோடு எனக்கும் ஒன்று அடித்தார்கள். "அதான் எப்படியும் சேரப் போறேல்ல? ரெண்டு தடவையா அடிப்பாக?" என்றான் ஒருவன். நியாயமாகத்தான் பட்டது. படம் கொடுத்தவனே நான்தான்.

பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள். பத்தடி உயரம். எவனோ ஒரு சிப்பாயின் உடம்பில் என் தலையை வைத்திருந்தார்கள். கழுத்துவரை ஒரு நிறம், கழுத்துக்கு மேலே இன்னொரு நிறம். கையில் துப்பாக்கி, பின்னால் பனிமலை, மலைமேல் ஒரு புலி. "தாய்நாட்டைக் காக்கச் செல்லும் எங்கள் மண்ணின் சிங்கமே" என்று எழுத்து. (புலி படம் போட்டுவிட்டுச் சிங்கம் என்று எழுதியதை யாரும் கேட்கவில்லை.) கீழே வாழ்த்துவோர் வரிசையில் ஸ்டாம்ப் அளவில் ஒன்பது மூஞ்சிகள். கடைசி மூஞ்சி பாண்டி. இடம் பற்றாமல் அவன் காது ஒன்று வெட்டுப்பட்டிருந்தது.

அந்த பிளக்ஸ் முன்னால் நின்றபோது எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அதே கிறுகிறுப்போடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்: "இந்த வாரத்தோட நின்னுரு. இனிமே நீ ஜீப் ஏறக் கூடாது."

"மொதல்ல ஆர்டர் வரட்டும்டா."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் எந்த அம்மா என்ன சொல்வாள்? சனிக்கிழமை சாயங்காலம் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தாள். அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கட்டும் காய்ப்பை, மழைக்குப் போர்த்தும் படங்கு, மூன்றையும் கழுவிக் காயவைத்துப் பக்கத்துத் தெரு செல்விக்குக் கொடுத்தாள். ஜீப்பின் உள்மூலையையும் செல்விக்கே விட்டுக்கொடுத்தாள். வரிசையை மீறி யாருக்கு விடுவது என்பது விட்டுப் போகிறவளின் உரிமை. செல்வி கைக்குழந்தைக்காரி, பின்னால் காற்றில் உட்கார முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

முகாம் தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரின் மைதானத்தில். பாண்டியும் வந்தான். தனியாகப் பஸ்ஸில் போனால் எனக்குப் போரடிக்கும் என்பதுதான் காரணம். "வர்றதுதான் வர்ற, சர்டிபிகேட்டையும் எடுத்துட்டு வா, சும்மா ஓடிப் பாரு" என்று அவனுக்குச் சொன்னதும் நான்தான். இந்தக் கதையில் எனக்கு எதிராக நடந்த காரியங்கள் எல்லாவற்றையும் பெரும்பாலும் நானே செய்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

காலை ஏழு மணிக்கு எங்கள் கூட்டத்தைத் தடத்தில் விட்டார்கள். நானூறு மீட்டர் தடம், நாலு ரவுண்டு. இரும்புச் சட்டத்துக்குக் கீழே நிறுத்தி உயரம் பார்த்தாகிவிட்டது, தேறிவிட்டேன். விசில் அடித்ததும் நூற்றுக்கணக்கான பேர் கண்மண் தெரியாமல் ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், முதல் ரவுண்டிலேயே செத்துவிடுவார்கள், உடம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். பாண்டி எனக்குப் பக்கத்தில் வழக்கம்போல வந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, கொஞ்சம் வெரசாப் போவமா?" என்றான் இரண்டாவது ரவுண்டில்.

"பொறு. கடைசி ரவுண்டு இருக்குல்ல" என்றேன்.

மூன்று ரவுண்டு முடிந்தது. மணி அடித்தார்கள். இதோ, இனிமேல்தான் என் ரவுண்டு. நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, கால்களுக்கு உத்தரவு கொடுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கால்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். என் உடம்பு எதற்கோ காத்திருப்பது எனக்கே தெரிந்தது. முதுகுத்தண்டில் அந்தச் சில்லிப்பு வரவேண்டும், வரவில்லை. கெண்டைக்காலில் மயிர் சிலிர்க்க வேண்டும், சிலிர்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்தின் கடைசி ரவுண்டில், எத்தனையோ பேர் முன்னால் பார்த்து ஓடும்போது நான் ஒருவன் மட்டும் பின்னால் திரும்பி நாயைத் தேடினேன். மூச்சுவாங்கிக்கொண்டு வரும் பையன்கள்தான் இருந்தார்கள். அவர்களில் யாரும் என்னைக் கடிப்பதாகத் தெரியவில்லை.

விஷயம் அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. முந்நூறு மீட்டர் மிச்சம். விளங்கிய அதிர்ச்சியில் வேகம் இன்னும் குறைந்தது. பாண்டி மெல்ல என்னைத் தாண்டினான். அவன் வேகத்தைக் கூட்டவில்லை, அவன் எப்போதும் போகும் வேகத்திலேயே போனான். நான்தான் பின்னால் போனேன். செவலை வருவதாகக் கற்பனை பண்ணிப் பார்த்தேன். அதன் கரிமூஞ்சியை, சட்டை கிழிந்த அன்றைக்கு அதன் வாயில் தொங்கிய துணியை நினைத்துப் பார்த்தேன். கற்பனை நாய்க்குப் பயப்பட என் கால்கள் மறுத்துவிட்டன.

எல்லைக்கோட்டில் இரண்டு சிப்பாய்கள் தரையில் கயிற்றைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். ஐந்து நாற்பத்தைந்து ஆனதும் தூக்கிப் பிடிப்பார்கள். அதற்கு முன் தாண்டியவன் ராணுவம், மற்றவன் ஊர்க்காரன். பாண்டி தாண்டினான். அவன் குதிகால் போன கொஞ்ச நேரத்தில் கயிறு மேலே வந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அது என் இடுப்புயரத்தில் இறுக்கமாக நின்றது. பக்கத்தில் பெரிய கடிகாரத்தில் சிவப்பு எழுத்து: 5.54.

கயிறு பிடித்தவர்களில் ஒருவர் தமிழர். "அவ்வளவுதான் தம்பி, அந்தப் பக்கமாப் போங்க" என்றார்.

"சார், ஊர்ல நான் அஞ்சு பதினெட்டு சார்."

"அப்ப ஊர்லயே ஓடு தம்பி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து என்னைப் போல எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த குரல். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. எந்த நியாயமும் இல்லாத கோபம்தான், இருந்தாலும் இருக்கிறது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"மாப்ள, நான் என்னடா செய்ய? நானும் வந்துரவா?" என்றான்.

வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டதை என் பெருந்தன்மை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை.

அடுத்த சோதனைகளுக்கு அவன் தங்கிவிட்டான். நான் தனியாகத் திரும்பினேன். ஊரில் பஸ் நின்ற இடம் சரியாக என் பிளக்ஸுக்குக் கீழே. அண்ணாந்து பார்த்தால் நான் துப்பாக்கியோடு சிரிக்கிறேன். டீக்கடைக்காரர், "என்னப்பா, துப்பாக்கி குடுத்துட்டாகளா?" என்றார். "ரிசல்ட்டு வரல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். (அந்தப் பொய்க்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் பாண்டி போன் பண்ணியதும், முத்தையா மாமா ஊருக்கே மிட்டாய் கொடுத்துவிட்டார்.)

அம்மா பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

"ஓட்டத்துலயா?"

"ஆமா."

"எத்தன செகண்டு?"

"ஒம்பது."

கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். "செரி, ஒக்காரு. சோத்தத் தின்னு" என்றாள். அதற்கு மேல் அந்த ஓட்டத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம்.

மறுநாள் விடியும்போது ஜீப் ஹாரன் கேட்டது. போர்வைக்குள் இருந்தவன் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு அம்மா நின்றாள். உள்மூலையில் செல்வி குழந்தையோடு இருந்தாள்.

"யக்கா, நீங்க இங்கன வாங்க, நான் பின்னாடி போறேன்" என்றாள் செல்வி.

"இருக்கட்டும் புள்ள. குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா பின்பக்கக் கதவு விளிம்பில் ஏறி, காலைத் தொங்கவிட்டு, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் போனது.

ஒன்பது வருஷம் அவள் அப்படித்தான் போனாள். உள்ளே நகர இடம் வந்தபோதெல்லாம் அவளைவிட முடியாதவள் யாராவது இருந்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் முழங்கால் மடங்க மறுத்ததும் நின்றுகொண்டாள். ராணுவத்தின் அளவுகோல்களை எனக்கு இன்றைக்கும் மனப்பாடமாகத் தெரியும் என்றேன் இல்லையா? முப்பது கிலோ ஈரக் காயை முதுகில் வைத்து வழுக்குச் சரிவில் மூட்டை இறக்குவதற்கு என்ன அளவுகோல் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பதினாறு வருஷம் அதைச் செய்தவளை ஒரு நாளும் எவரும் ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளைத்தான் எடுத்திருப்பார்கள், பிளக்ஸில் என் தலையை எடுத்துவிட்டு அவள் தலையை வைத்திருக்கலாம்.

பிளக்ஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவிழ்த்துக் கொளுத்தப் போனேன். முத்தையா மாமா தடுத்துவிட்டார். "நல்ல கெட்டிச் சாமான்டா, ஏன் வீணாக்குற?" என்று வாங்கிப்போய்த் தோப்பில் செவலையின் கொட்டகைக்கு மேல் விரித்துக் கட்டினார். அது சாகிற வரைக்கும் மழையிலும் வெயிலிலும் என் நிழலில்தான் படுத்திருந்தது. கல்யாணமான புதிதில் என் மனைவியை அந்தப் பக்கம் கூட்டிப்போன பாண்டியின் தங்கை, முழுக் கதையையும் அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்காவது தாமதித்தால் போதும், பஸ்ஸுக்குக் கிளம்பினாலும் சரி, குளித்துவிட்டு வர நேரமானாலும் சரி, "செவலைய அவுத்து விடவா?" என்ற குரல் கேட்கும். இப்போது என் மகளும் கேட்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. அந்த நாயை அவள் பார்த்ததே இல்லை. நான் சின்னமனூரில் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். கடை முதலாளிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

பாண்டி இப்போது ஹவில்தார். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருகிறான். அவன் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: பட்டாளத்தில் உள்ளே போய்விட்டால் ஓட்டம் முடிந்துவிடுவதில்லையாம். வருஷா வருஷம் சோதனை உண்டாம். முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர். கயிறு ஏற வேண்டும், பள்ளம் தாண்ட வேண்டும். தேறாவிட்டால் பதவி உயர்வு நின்றுபோகும். ஊருக்கு வந்து கிடாவிருந்தாகத் தின்று தொப்பையோடு திரும்பினால் அங்கே தொலைந்தான்.

ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு லீவில் என்னிடம் வந்து நின்றான். "மாப்ள, காலைல கொஞ்சம் டைம் பாத்துச் சொல்லுடா. அப்பாவுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது."

யாரிடம் கேட்கிறான் பாருங்கள். ஆனாலும் போனேன். அதே கால்வாய்க் கரை, அதே பாலம். பள்ளிக்கூடப் பையில் நாலு தேங்காயைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டரும் ஓடினான். அதே மாட்டு நடை. மூச்சிரைக்க வந்து நின்று, "எவ்வளவுடா?" என்றான். கையிலிருந்த போனைப் பார்த்தேன். அவன் சரியான நேரத்துக்கு வந்திருந்தான். என்னை அறியாமல் என் வாய் ஒன்பது விநாடி கூட்டிச் சொன்னது.

அவன் முகம் விழுந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாளும் கூட்டினேன், அதற்கு மறுநாளும். அவன் அந்த ஒன்பதைக் குறைக்க உயிரைக் கொடுத்து ஓடினான். கறியைக் குறைத்தான், சாயங்காலமும் ஓடினான். அந்த வருஷச் சோதனையில் அவனுக்கு எக்ஸலண்ட் கிடைத்தது. போனில் கூப்பிட்டு, "மாப்ள, எல்லாம் ஒன்னாலதான்டா" என்று சொன்னான். ஒவ்வொரு லீவிலும் இது நடக்கிறது. நான் வஞ்சகமாகக் கூட்டுகிறேன், அவன் வருஷா வருஷம் எக்ஸலண்ட் வாங்குகிறான். என் கெட்ட புத்திகூட எனக்கு ஒழுங்காகப் பலன் தருவதில்லை.

போன மாதம் வந்திருந்தான். அம்மாவுக்குப் பட்டாளத்துக் கேன்டீனிலிருந்து முழங்காலுக்குப் போடும் பட்டை வாங்கிவந்தான். "அத்தை, இதப் போட்டுக்கிட்டு தெனம் கொஞ்சம் நடங்க" என்று அவனே குனிந்து மாட்டியும் விட்டான். நல்லவன். அதுதான் தாங்க முடியவில்லை. நடக்கச் சொன்னானே என்று அம்மாவும் ஒருநாள் காலையில் என்னோடு மெல்ல நடந்து வந்து, பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள்.

பாண்டி தேங்காய்ப் பையோடு ஓடிவந்து நின்றான். "எவ்வளவுடா?"

"இருபத்தஞ்சு நிமிசம் நாப்பது செகண்டு" என்றேன்.

"ச்சை" என்று தொடையில் அடித்துக்கொண்டு, முகம் கழுவத் தோப்பு மோட்டாரைப் பார்த்துப் போனான்.

அம்மா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். காய் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்.

"ஏன்டா, இதுல முப்பத்தொன்னுன்னு நிக்கிது. நீ நாப்பதுங்கிற?"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"தெனமும் இப்பிடித்தான் சொல்றியா?"

"ஆமா."

"எத்தன வருசமா?"

"அஞ்சாறு வருசமாம்மா."

கட்டாயம் திட்டப் போகிறாள் என்று கால்வாய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். பாண்டி தூரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். அம்மா குனிந்து முழங்கால் பட்டையைச் சரிசெய்தாள். ஜீப் போகும் மெட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் காதில் விழாத மெல்லிய குரலில் சொன்னாள்:

"நாளையிலருந்து பதினஞ்சாக் கூட்டிச் சொல்லு."